இருசம்மாள் வீட்டு ஈ

வியாபாரம் நடக்காத கடைக்காரனை ஈ ஓட்டுகிறான் என்று சொல்வோம். இருசம்மாள் ஈ ஓட்டியே வியாபாரம் செய்தவள்.

எங்கள் ஊர் கச்சிராயப்பாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறுகிற சாலையில் இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் மலையிலிருந்து பலாப்பழ லாரிகள் இறங்கும்போது சாலை முழுக்க அந்த வாசனைதான். பஸ் நிற்கிற இடத்தில் சில பெண்கள் சுளை விற்பார்கள். அவர்கள் தட்டில் சுளை எது, ஈ எது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். இருசம்மாள் பஸ் நிறுத்தத்துக்குப் போகவே மாட்டாள். தன் வீட்டு வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு, அதன்மேல் தட்டு வைத்து, வெள்ளை வேட்டித் துணியால் மூடியிருப்பாள். லாரி டிரைவர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, சந்துக்குள் நடந்து வந்து அவளிடம் வாங்கிப் போவார்கள். அவள் தட்டில் ஈ உட்காராது. வீட்டுக்குள்ளும் உட்காராது.

நான் எதிர்வீட்டுக்காரி. பெயர் தெரசா. வாசலை ஒட்டித் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். தெருவில் எது நடந்தாலும் என் கண்ணில் படாமல் போகாது. கண்ணில் பட்டது பிடிக்கவில்லை என்றால் என் வாயும் சும்மா இருக்காது. அதனால் அவளைத் தலையில் தூக்கி வைத்துப் பேசப்போகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இருசம்மாளுக்கு எதிரில் குடியிருப்பது லேசான காரியம் இல்லை.

நான் சொல்வது மாட்டு ஈ இல்லை. கொசுவை விடச் சின்னதாக, சிவந்த கண்ணோடு, கனிந்த பழத்தைச் சுற்றி மிதந்துகொண்டே இருக்குமே, அந்தப் பழ ஈ. ஒரு வாழைப்பழம் மூலையில் உருண்டு கிடந்தால் போதும், எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் வந்து நிற்கும். இருசம்மாள் வீட்டில் பலாத்தோல் தரையைத் தொடுவதற்கு முன்பே கொல்லைக் குழிக்குப் போய்விடும். மேலே சாம்பல், அதற்கு மேலே மண். பழம் அறுத்த கத்தியையும் பலகையையும் கொதிக்கிற தண்ணீரில் கழுவுவாள். சாக்கடை வாயில் தினமும் வெந்நீர் ஊற்றுவாள். துடைத்த துணியை ஈரமாக ஒருநாளும் விடமாட்டாள், புளித்த துணியில்தான் முதலில் வரும் என்பாள். இதெல்லாம் அவள் வீட்டோடு நின்றிருந்தால் எனக்கென்ன. என் அடுப்படிக்கே வந்து தொங்குகிற வாழைத்தாரைத் தடவிப் பார்த்து, “இது நாளைக்கித் தாங்காதுக்கா, இன்னிக்கே துன்னுடுங்க” என்று உத்தரவு போட்டுவிட்டுப் போவாள். என் வீட்டுக்காரர் அவளுக்கு ஈ இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருந்தார்.

சுத்தக்காரி, வேறென்ன என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். அது சுத்தம் இல்லை, பயம் என்று எனக்குத் தெரிந்தது, அவள் மகன் காசிநாதனுக்குப் போலீஸ் வேலை வரவிருந்த அந்த ஆனி மாதத்தில்தான். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது.

அவள் புருஷன் வேடியப்பன் கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் பலாப்பழம் இறக்குகிற ஆள். முதுகு அகலம், மனசு பூஞ்சை. யார் என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாது. வெடித்த பழம், அடிபட்ட பழம் என்று வண்டிக்காரர்கள் தள்ளிவிடுவதை அவன் தலையில் சுமந்து கொண்டுவருவான், அவள் சுளை எடுத்து விற்பாள். ஒரே பிள்ளை காசிநாதன். உளுந்தூர்பேட்டையில் லாரி டயர் கடையில் வேலை பார்த்துக்கொண்டே போலீஸ் செலக்ஷனுக்கு ஓடினான். ஷூ இல்லாமல் ஓடித் தேறினான் என்று ஊரே பேசியது. பரீட்சை, உடம்பு அளவு எல்லாம் முடிந்தது. பாக்கி இருந்தது விசாரணை ஒன்றுதான். ஸ்டேஷனிலிருந்து ஒருவர் ஊருக்கு வந்து, பையன் எப்படி, குடும்பம் எப்படி, வீட்டின்மேல் கேஸ் ஏதாவது உண்டா என்று நாலு பேரிடம் கேட்டு எழுதிப் போவார். அவர் நல்லபடியாக எழுதினால் எங்கள் தெருவில் முதல் அரசாங்கச் சம்பளம் இருசம்மாள் வீட்டுக்கு வரும். ஏறுமாறாக எழுதினால் பையன் திரும்ப டயர் கழற்றப் போக வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் வீட்டுக்கு ஈ வந்தது.

முதலில் தட்டுத் துணியின் மேல் இரண்டு மூன்று. அவள் பொருட்படுத்தாத மாதிரி துணியை மாற்றினாள். மறுநாள் மாடத்தில் வைத்திருந்த சாமி படத்தைச் சுற்றிப் பறந்தது. அதற்கடுத்த நாள் அவள் சுளை விற்பதை நிறுத்திவிட்டு வீட்டைப் புரட்டிப் போட ஆரம்பித்தாள். பானை சட்டி எல்லாம் தெருவுக்கு வந்தது. அரிசிப் பானைக்கு அடியில் பார்த்தாள், பரணில் பார்த்தாள், வெங்காயக் கூடையை உதறினாள். சாக்கடையில் வெந்நீர் ஊற்றி ஊற்றி விறகு தீர்ந்துபோய் என்னிடம் வந்து வாங்கினாள். வாங்கிய கையோடு என்னிடமே சண்டைக்கு வந்தாள். என் வீட்டுக் கழனிப்பானைதான் காரணமாம். நானும் விடவில்லை. கழனிப்பானை நேற்று முளைத்ததா, உன்னைக் கட்டிக்கொண்டு வருவதற்கு முன்பிருந்தே அங்கேதான் இருக்கிறது என்றேன். அன்றைக்கு வார்த்தை தடித்துப்போனது. பக்கத்து வீட்டுச் செவ்வந்தியையும் விடவில்லை, அவள் கோழிக்கூண்டைத் திறந்து மோந்து பார்த்தாள்.

தெரு சிரித்தது. ஈ இன்ஸ்பெக்டர் வீட்டிலேயே திருட்டு என்றார்கள். எனக்கும் முதலில் சிரிப்புதான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட தாய் மாதிரி இருந்தாள். சாப்பிடவில்லை. விசாரணைக்கு எந்த நாளும் ஆள் வரலாம், வந்தவர் கண்ணில் ஈ பட்டுவிடக் கூடாது என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஈக்கும் போலீஸ் வேலைக்கும் என்னடி சம்பந்தம் என்று கேட்டேன். வெங்காயக் கூடையை மறுபடி எடுத்து உதறினாள்.

கடைசியில் பாட்டில்களைக் கொண்டுவந்தாள். காலி டானிக் பாட்டில்கள். அடியில் கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து போட்டு, கொஞ்சம் வெல்லத் தண்ணீர், துளி சோப்புத் தண்ணீர் ஊற்றி, வாயில் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிச் சொருகினாள். ஈ வாசனைக்கு உள்ளே இறங்கும், திரும்பி வர வழி தெரியாமல் தண்ணீரில் விழும். இது வழக்கமாக அவள் செய்வதுதான். இந்த முறை செய்தது வேறு மாதிரி. அடுப்படியில் ஒன்று, கூடத்தில் ஒன்று, வாசலில் ஒன்று, கொல்லைக் குழி ஓரத்தில் ஒன்று, மாட்டுக் கொட்டகையில் ஒன்று என்று வைத்துவிட்டு, எதில் அதிகம் விழுகிறது என்று பார்த்தாள். அடுப்படியில் விழுந்தது கொஞ்சம். குழியோரத்தில் அதைவிடக் கம்மி. கொட்டகைப் பாட்டிலில் தண்ணீரே தெரியவில்லை, கருப்பாக மிதந்தது. பசுமாடு நிற்கிற இடத்தில் பழத்துக்கு என்ன வேலை? பாட்டிலைக் கொட்டகைக்குள்ளேயே இடம் மாற்றி மாற்றி வைத்தாள். மூலையில் வைக்கோல் குவித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்தபோது, பாட்டிலுக்குப் போகாமல் ஈக்கள் வைக்கோலுக்குள் நுழைவதைப் பார்த்தாள்.

அவள் என்னைக் கூப்பிட்ட சத்தம் வழக்கமான சத்தம் இல்லை. மிஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். வைக்கோலை ஒதுக்கியிருந்தாள். கீழே மண்ணுக்குள் கழுத்துவரை புதைத்த ஒரு நீல பிளாஸ்டிக் டிரம். வாயில் சாக்கு கட்டியிருந்தது. சாக்கை அவள் கொஞ்சம் தூக்கினாள். புளித்த வெல்ல வாசனை முகத்தில் வந்து மோதியது. சாராயம் காய்ச்சுவதற்காக வெல்லமும் வேலம்பட்டையும் போட்டுப் புளிக்க வைத்த ஊறல். எங்கள் பக்கத்தில் இதைச் சின்னப் பிள்ளைக்குக்கூட விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வேடியப்பன் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தினாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“இன்னாய்யா இது?” என்று மட்டும் கேட்டாள்.

அவன் தலையைச் சொறிந்தான். “புள்ளைக்கு வேலை வரப்போவுது. கூட மூட்டை தூக்கறவனுங்க, வண்டிக்காரனுங்க, அல்லாரும் கேக்கறானுங்க. ஊத்தாம எப்பிடிமே? கடையில வாங்கினா கட்டுபடி ஆவுமா? அதான் நம்பளே...”

“போலீசு வேலைக்கா?”

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். மகன் போலீஸ் ஆவதைக் கொண்டாடக் கள்ளச்சாராயம் ஊறப்போட்ட ஒரே தகப்பன் இந்த ஜில்லாவில் இவனாகத்தான் இருப்பான். எனக்கு அவனை அறையவும் தோன்றியது, பாவமாகவும் இருந்தது. அவன் மகன்மேல் வைத்த ஆசைதான் அந்த டிரம்மில் நுரைத்துக்கொண்டிருந்தது.

இருசம்மாள் மாட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் என்னிடம் சொன்னாள். அவள் பிறந்தது மலைக்கு அந்தப் பக்கம். அவள் அப்பா காய்ச்சுகிறவர். வைக்கோல்போருக்குள் ஊறல் பானையை மறைத்து வைத்திருந்தார். பானை பழுத்த நேரத்தில் போர் முழுக்க ஈ மொய்த்தது. ஊருக்குள் போலீஸ் வந்திருக்கிறது என்று தெரிந்ததும், அப்பா இவள் கையில் ஒரு வேப்பங்கொத்தைக் கொடுத்து ஈயை ஓட்டச் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் ஒளிந்துகொண்டார். தெருவில் போன போலீஸ்காரர் ஈயைக் கவனிக்கவில்லை. வைக்கோல்போருக்கு ஒரு சிறுமி விசிறிக்கொண்டு நிற்பதைக் கவனித்தார்.

“வைக்கலுக்கு ஏம்மா விசுர்றன்னு கேட்டாருக்கா. எனக்கு இன்னா சொல்றதுன்னு தெரில. வைக்கலுக்கு வேர்க்குதுங்கன்னுட்டேன். சிரிச்சாரு. சிரிச்சிக்கினே உள்ள கைய வுட்டாரு.”

அப்பாவைக் கையில் கயிறு கட்டித் தெருவழியாக நடத்திக்கொண்டு போனார்கள். அவர் வெளியே வந்தபோது பழைய ஆள் இல்லை. அம்மா கரும்பு வெட்டப் போனாள், இவளும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கூடவே போனாள். அன்றிலிருந்து எங்கே ஈயைப் பார்த்தாலும் அவளுக்கு வைக்கோலுக்குள் நுழைந்த அந்தக் கைதான் கண்ணில் தெரியும். காய்ச்சாத ஆளாகப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டாள். காசிநாதனுக்குத் தாத்தா பாம்பு கடித்துச் செத்தார் என்று சொல்லி வைத்திருந்தாள். இத்தனை வருஷமாக அவள் சாக்கடையில் ஊற்றிய வெந்நீருக்கும் எனக்குக் கொடுத்த தொல்லைக்கும் அப்போதுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது. கழனிப்பானைக்காக அவளிடம் சண்டை போட்டது நெஞ்சில் குத்தியது.

அவள் சொல்லி முடிப்பதற்குள் டீக்கடை செல்லமுத்து சைக்கிளில் வந்து வாசலில் காலை ஊன்றினான். ஸ்டேஷனிலிருந்து ஏட்டய்யா வந்திருக்கிறார், கடையில் உட்கார்ந்து காசிநாதனைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார், டீ குடித்ததும் இங்கே வருவார், வீட்டில் இருங்கள் என்றான். நல்ல சேதி சொல்கிற முகத்தோடு சொல்லிவிட்டுப் போனான்.

வேடியப்பன் டிரம்மைக் கவிழ்த்துச் சாக்கடையில் விட்டுவிடலாம் என்று குனிந்தான். இருசம்மாள் அவன் கையைத் தட்டிவிட்டாள். எங்கள் தெருச் சாக்கடை டீக்கடையைச் சுற்றிக்கொண்டுதான் ஓடுகிறது. ஏட்டு டம்ளரை வைப்பதற்கு முன்னால் வாசனை அவர் காலடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தூக்கிக்கொண்டு போகவும் வழி இல்லை, கொல்லைக்குப் பின்னால் திறந்த வயல். ஈயை விரட்ட நேரமும் இல்லை. அவள் வைக்கோலை வாரி டிரம்மின்மேல் பழையபடி மூடினாள். பிறகு, “அக்கா, பழத்த அறுங்க” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் உள்ளே கிடந்த பலாப்பழங்களை உருட்டிக்கொண்டு வந்தாள். முந்தின நாள் வேடியப்பன் கொண்டுவந்த, கறுத்துக் கனிந்துபோன பழங்கள். நட்டுநடுவில் வெட்டினாள். தோலையும் சக்கையையும் வாரிக் கொட்டகைத் தரையில் இறைத்தாள். முற்றத்தில் கொட்டினாள். வாசலிலும் கொட்டினாள். ஈ வருவதற்கு ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான். நானும் அறுத்தேன், வேடியப்பனும் அறுத்தான். தோல் ஒன்று தரையில் விழும்போதெல்லாம் அவள் கை தன்னாலே அதை எடுக்கக் குனியும், பிறகு நிற்கும். எங்கள் கையெல்லாம் பால் ஒட்டிப் பிசுபிசுத்தது. இந்த ஊரில் எங்கெங்கு ஈ இருந்ததோ அத்தனையும் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஏட்டு அரங்கநாதன் வந்தார். வயதானவர், தொப்பையும் தளர்ந்த நடையுமாக. வாசலில் கிடந்த சக்கையைத் தாண்டி வந்து, நான் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். வழக்கமான கேள்விகள் கேட்டார். பையன் எங்கே இருக்கிறான், யாரோடு பழக்கம், குடிப்பானா என்று. இருசம்மாள் ஒவ்வொன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். குரல்தான் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. நான் என் பங்குக்குப் பையனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னேன், அதில் பொய் எதுவும் இல்லை. அவர் முகத்துக்கு முன்னால் கையை வீசிக்கொண்டே இருந்தார். பிறகு வீசுவதை நிறுத்திவிட்டு, மிதக்கிற ஈக்களைப் பார்த்தார்.

“டீக்கடையில இன்னா சொன்னாங்க தெரியுமாம்மா?” என்றார். “அந்தம்மா வூட்ல ஈ கூட ஒக்காராது, அப்பிடி ஒரு குடும்பம்னாங்க. கேட்டவன் அல்லாரும் அதையேதான் சொன்னான்.”

ஊர் முழுக்க அவளுக்குக் கொடுத்த நல்ல பெயர் அப்படி வந்து எங்கள் கழுத்தைப் பிடிக்கும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. மற்ற எந்த வீடாக இருந்தாலும் பலாச்சக்கை கிடப்பதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இவள் வீட்டில் கிடந்ததுதான் குற்றம்.

அவர் எழுந்து கொட்டகைப் பக்கம் நடந்தார். தரையில் இறைந்து கிடந்த தோலில் ஈ மொய்த்தது. ஆனால் எல்லா ஈயும் தோலில் உட்காரவில்லை. ஒரு பகுதி, தோலே விழாத மூலையில், வைக்கோலுக்கு மேல் நின்றது. ஏட்டு அந்த இடத்துக்குப் போய் ஒரு வைக்கோலை இழுத்து மூக்கருகில் கொண்டுபோனார்.

“வைக்கல்ல இன்னாம்மா பழம்?”

வேடியப்பன் வாயைத் திறந்தான். அவன் ஏதோ பொய்தான் சொல்லப்போகிறான் என்று தெரிந்தது. இருசம்மாள் அவனை முந்திக்கொண்டாள்.

“ஊறலுங்க,” என்றாள். “இவருதான் வச்சாரு. எனக்கு இன்னிக்கித்தான் தெரியும். எம் புள்ளைக்கித் தெரியவே தெரியாதுங்க.”

அதற்குமேல் அவள் கெஞ்சவில்லை, அழவில்லை. ஏட்டு காலால் வைக்கோலை ஒதுக்கி டிரம்மைப் பார்த்தார். மாடு வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. எனக்கு உள்ளுக்குள் மாதாவைக் கூப்பிடுவதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. எதுக்கு வச்சே என்று அவர் வேடியப்பனிடம் கேட்டார். அவன் காரணத்தைச் சொன்னான். ஏட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஓர் அறை மேல்.

பிறகு இருசம்மாளிடம் திரும்பினார். “அந்தப் பையன் ஓடுனத நான் கிரவுண்டுல பாத்தேன். காலு கிழிஞ்சி ரத்தம் வந்துக்கினு இருந்துச்சி. நிக்கல.” தொப்பியை எடுத்துத் தலையைத் துடைத்துக்கொண்டார். “நான் இன்னிக்கி இங்க வரல. நாளைக்கித்தான் வரேன். வரும்போது டீக்கடையில சொன்னா மாதிரி இருக்கணும். ஒரு ஈ இருந்தாலும் நான் ஏட்டுதான்.”

அவர் நல்லவரா, கேஸ் எழுதக் கை வலித்த சோம்பேறியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டுமாக இருக்கலாம். அவர் போனதும் வேடியப்பன் பிழைத்தோம் என்று உட்கார்ந்தான். இருசம்மாள் உட்காரவில்லை. ஊறலைக் கொட்டுவது பெரிய காரியம் இல்லை, ஈயைப் போக்குவதுதான் காரியம் என்று அவளுக்குத் தெரியும். தின்பது போனாலும் ஈ உடனே போய்விடாது. போதாததற்கு, ஊர் ஈயை எல்லாம் விருந்து வைத்து அழைத்தது அவளே.

வேலையை அவள் சொன்னாள், நாங்கள் செய்தோம். ஊறலைக் குடம் குடமாக மொண்டு, கொல்லைக் குழியில் ஊற்றி, ஊற்ற ஊற்றச் சுண்ணாம்பும் சாம்பலும் மண்ணும் போட்டு மூடினோம். டிரம்மை வெந்நீரில் கழுவி, சாம்பல் தேய்த்து, மறுபடி கழுவி வெயிலில் கவிழ்த்தோம். அது இருந்த பள்ளத்து மண்ணைத் தோண்டிக் குழியில் போட்டோம். வைக்கோல் மொத்தத்தையும் வயலில் வைத்து எரித்தாள். நல்ல வைக்கோல், மாட்டுக்கு என்ன போடுவாய் என்றேன். காதில் வாங்கவில்லை. பலாச்சக்கையை ஒரு துணுக்கு விடாமல் பொறுக்கினோம், மாட்டுக் குளம்பு அழுத்திய இடத்தில் ஒட்டியிருந்ததைக்கூட அவள் நகத்தால் சுரண்டினாள். தரையை வெந்நீரால் கழுவிச் சாணம் மெழுகினாள். வேப்பிலைப் புகை போட்டாள். நான் தெருவில் டானிக் பாட்டில் வாங்கி வந்தேன், என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ செய்யச் சொன்னார்கள் என்று பொய் சொல்லி. செவ்வந்தி மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், ஆனாலும் கொடுத்தாள். வீடு முழுக்கப் பாட்டில் வைத்தோம். வேடியப்பன் அவள் சொன்னதைச் செய்துகொண்டே இருந்தான். வேலையைத் தவிர அவனிடம் அவள் வேறெதுவும் பேசவில்லை.

மறுநாள் ஏட்டு வந்தபோது பாட்டில்களையெல்லாம் எடுத்து ஒளித்துவிட்டிருந்தாள். வாசலில் ஸ்டூல், அதன்மேல் துணி மூடிய தட்டு. அவர் கூடத்தில் பார்த்தார், அடுப்படியில் பார்த்தார், கொட்டகையில் நின்று பார்த்தார். ஒன்றும் இல்லை. வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இருசம்மாள் டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகிற நேரத்தில், எங்கிருந்தோ ஒரே ஒரு ஈ வந்து டம்ளரைச் சுற்றியது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று, பிறகு டீயில் விழுந்தது.

இருசம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஏட்டு டம்ளருக்குள் பார்த்தார். விரலால் அந்த ஈயை எடுத்துச் சுண்டி எறிந்துவிட்டு, டீயைக் குடித்தார். சர்க்கரை ஜாஸ்தி என்று சொல்லிவிட்டுப் போனார்.

காசிநாதனுக்கு ஆர்டர் வந்தது. ஊருக்குச் சாப்பாடு போட்டார்கள், சாப்பாடு மட்டும். ஏன் ஊற்றவில்லை என்று கேட்ட வண்டிக்காரர்களிடம் வேடியப்பன், போலீஸ்காரன் வீட்டில் என்னய்யா கேட்கிறீர்கள் என்று எதிர்க்கேள்வி கேட்டான். நான் இலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். நடந்தது எதுவும் காசிநாதனுக்குச் சொல்லக் கூடாது என்று இருசம்மாள் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

பையன் பயிற்சி முடித்து, வேலையில் சேர்ந்து, சாராயம் பிடிக்கிற பிரிவுக்குப் போனான். அடுத்து வந்த ஒரு பலாக் காலத்தில் லீவில் வீட்டுக்கு வந்திருந்தான். நான் அவனுக்குச் சட்டை அளவெடுக்கப் போயிருந்தேன். அம்மா எடுத்துக்கொடுத்த சுளையைத் தின்றுகொண்டே, முகம் நிறையச் சிரிப்போடு அவன் பேசினான். ரிஷிவந்தியம் தாண்டி ஒரு ஊரில் ரெய்டாம். எல்லாரும் தேடிக் கிடைக்காமல் திரும்புகிற நேரத்தில் இவன் ஒரு விறகு அடுக்கின்மேல் ஈ நிற்பதைப் பார்த்தானாம்.

“இன்ஸ்பெக்டரே தட்டிக் குடுத்தாரும்மா. எங்கடா கத்துக்கினேன்னு கேட்டாரு. எங்கம்மாகிட்டதான்னு சொன்னேன்.”

என் கையில் இருந்த அளவு நாடா அப்படியே நின்றது. இருசம்மாள் சுளை எடுத்துக்கொண்டிருந்தவள், கத்தியைக் கீழே வைத்தாள்.

“அந்த வூட்ல பொண்ணு எதுனா இருந்துச்சாடா?” என்று கேட்டாள்.

“இருந்துச்சி. சின்னப் பொண்ணு. அவங்கப்பன வண்டியில ஏத்தறப்ப கத்திக்கினு பின்னாடியே வந்துச்சி. ஏம்மா?”

சும்மாதான் கேட்டேன் என்றாள். எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வீடு என்று மட்டும் பேச்சுவாக்கில் கேட்டு வைத்துக்கொண்டாள். அவன் சொன்னான். அவனுக்கு அதில் எதுவும் விசேஷமாகப் படவில்லை.

அவன் லீவு முடிந்து போன மறுநாள் காலை அவள் வாசலில் ஸ்டூல் இல்லை. பலாக் காலத்தில் அவள் வியாபாரத்துக்கு லீவு விட்டதே கிடையாது. இருப்பதில் நல்ல பழமாக ஒன்றைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியதாகச் செவ்வந்தி சொன்னாள். எங்கே போகிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

பொழுது சாயத் திரும்பி வந்தாள். நேராக என் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்தாயா என்றேன். தலையாட்டினாள்.

“பழத்தக் குடுத்தேங்க்கா. அவங்கம்மா கூலிக்குப் பூட்டாங்களாம், அது மட்டும்தான் இருந்துச்சி. வாங்கிக்கினு, நீங்க யாருங்கன்னு கேட்டுச்சி.” டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். “இன்னான்னுக்கா சொல்றது?”